மஜீத் பாய் கடையில் சக்கரையில்லாத டீ

மஜீத் பாய் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். அந்த மூன்றாம் வகுப்பிலும் பாதி நாள் வாசலுக்கு வெளியே முட்டி போட்டிருந்ததால், நியாயமாகப் பார்த்தால் இரண்டரை வகுப்புத்தான் தேறும். மீதிப் படிப்பை அவர் வாளையார் செக்போஸ்டில் முடித்தார். அப்போதெல்லாம் அங்கே லாரிகள் நிற்கிற வரிசைக்குத் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. வரிசையின் கடைசி லாரி எங்கே என்று பார்க்கப் போனவன் கல்யாணம் முடித்துப் பிள்ளை பெற்றுத்தான் திரும்பி வந்தான் என்பார் பாய். அந்த வரிசை நெடுகக் கேனைத் தூக்கிக்கொண்டு டீ விற்றார். பஞ்சாபி டிரைவரானாலும் ஆந்திரா கிளீனரானாலும், பாஷையே தெரியாமல் சிரிக்க வைத்துவிட்டுத்தான் டம்ளரைக் கையில் கொடுப்பார்.

பிறகு ஜிஎஸ்டி வந்தது. செக்போஸ்டில் லாரிகள் நிற்பது நின்றுபோனது. கேனைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பாய் தன் ஊரான ஒத்தப்பனைக்களத்துக்கே வந்து வீட்டு முன்பக்கம் தகரம் போட்டுக் கடை திறந்தார். கேரளாவில் எருத்தேன்பதிப் பக்கம், தமிழ்நாட்டு எல்லைக் கல்லுக்கு ஒரு தும்மல் தூரத்தில் இருக்கிறது அந்த ஊர். இங்கே தும்மினால் அங்கே ஆயுசு நூறு என்பார்கள். ஊர் என்றாலும் ஒரே ஒரு தெரு. ஒரு பக்கம் ராவுத்தர் வீடுகள், எதிர்ப்பக்கம் சர்ச்சுக்குப் போகிற வீடுகள், கடைசியில் கவுண்டர் வீடுகள். பேச்செல்லாம் தமிழ், பஞ்சாயத்திலிருந்து வருகிற காகிதமெல்லாம் மலையாளம். கடையில் வடை சுடுவது பாயின் மனைவி ஐசும்மா. டீ ஆற்றுவதும் வாயாடுவதும் பாய்.

கடை திறந்த புதிதில்தான் அந்த வழக்கம் தொடங்கியது. அதுவும் தற்செயலாக. தெருவிளக்கு எரியாமல் கிடந்த ஒரு சமயம், வார்டு மெம்பர் கடைக்கு டீ குடிக்க வந்தார். அன்றைக்குப் பாய்க்கும் ஐசும்மாவுக்கும் வடைமாவு விஷயமாகப் பெரிய போர் நடந்துகொண்டிருந்தது. அந்த மும்முரத்தில் பாய் டீயில் சக்கரை போட மறந்துவிட்டார். மெம்பர் ஒரு வாய் குடித்தார். முகம் சுருங்கியது. சுற்றி உட்கார்ந்திருந்த தெருக்காரர்களைப் பார்த்தார். அவர்களும், என்னடா இவன் முகம் இப்படிப் போகிறது என்று அவரையே பார்த்தார்கள்.  மெம்பர் டம்ளரை வைத்துவிட்டுப் போனார். மறுநாள் கரண்டாபீஸ்காரர்கள் ஏணியோடு வந்து, எரிகிற விளக்கைக்கூட மாற்றி வேறு விளக்குப் போட்டுவிட்டுப் போனார்கள்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு தெருவுக்கு மெம்பர் மேல் வருத்தம் இருந்தால் யாரும் அலுவலகத்துக்கு நடக்கவில்லை, மனு எழுதவில்லை. பாய் கடையில் சக்கரையில்லாத டீ வரும். மெம்பரும் புரிந்துகொள்வார். காரணம் டீயில் இல்லை. அந்த வார்டில் மற்ற இடங்களிலெல்லாம் ஓட்டு இரண்டு கட்சிக்கும் சரிபாதியாக விழும். ஒத்தப்பனைக்களத்துத் தெரு மட்டும் எந்தக் கட்சிக்கும் வாக்கப்பட்டதில்லை. ஐந்து வருஷம் பார்த்துவிட்டு, பாய் கடையில் உட்கார்ந்து பேசி, ஒட்டுமொத்தமாக ஒரு பக்கம் சாயும். சாய்ந்த பக்கம் ஜெயிக்கும்.

கடைசியாக மெம்பராக இருந்த சிவசங்கரிக்கு அந்த டீ ஒரு கோடையில் வந்தது. தண்ணீர் லாரி தொடர்ந்து வராமல் போயிருந்தது.

"என்னங் பாய், சக்கரை தீந்துபோச்சுங்களா?" என்று கேட்டார் சிவசங்கரி.

"சக்கரை மூட்டை மூட்டையா இருக்குதுங் மெம்பரே. கரைக்கத்தான் தண்ணி இல்லீங்க."

கடையே சிரித்தது. சிவசங்கரியும் சிரித்தார். ஆனால் சிரித்துக்கொண்டே போனை எடுத்தார். பொழுது சாய்வதற்குள் லாரி வந்தது. லாரிக்குப் பின்னாலேயே ஸ்கூட்டரில் சிவசங்கரியும் வந்து, கடைசி வீட்டுக் குடம் நிறைகிற வரைக்கும் நின்றுவிட்டுப் போனார்.

இப்படி நாடாண்ட தெருவுக்குத்தான் கோடு வந்தது.

கேரளா முழுக்க வார்டுகளைத் திருத்திப் பிரிக்கிறார்கள் என்று முதலில் பேச்சு வந்தது. பிறகு ஒருநாள் சூசையப்பன் பஞ்சாயத்து ஆபீசில் ஒட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு வேர்க்க விறுவிறுக்கக் கடைக்கு வந்தார். எதிர்வீட்டுக்காரர், பாய்க்குச் சின்ன வயசிலிருந்தே சிநேகிதர், எதையும் பெரிதாக எடுத்துக்கொண்டு கவலைப்படுகிற மனுஷன். வானத்தில் ஒரு மேகம் கறுத்தால் வீட்டுச் சாமான்களைப் பரணில் ஏற்றுகிறவர்.

"ஏப்பா மஜீது, நம்ம தெருவை மூணாக் கிழிச்சு வெச்சிருக்கறாங்கப்பா. உம்பட வரிசை பெரியசள்ளை வார்டுக்குப் போகுது. எம்பட வரிசை கோயில்மேட்டுக்கு. கவுண்டமாரு ஊடெல்லாம் பாறைக்களத்துக்கு. ஆட்சேபம் எழுதிக் குடுக்கலாமுன்னு சொல்றாங்க. இந்தா, எழுதிட்டு வந்துட்டேன். எல்லாரையும் கையெழுத்துப் போடச் சொல்லு."

பாய் காகிதத்தை வாங்கி, தலைகீழாகப் பிடித்து, ரொம்ப யோசிக்கிறவர் மாதிரிப் பார்த்தார்.

"சூசை, ஒரு மெம்பருக்கு ஒரு லாரி வந்துச்சு. மூணு மெம்பருன்னா எத்தனை லாரி?"

"அதில்லப்பா—"

"மூணு லாரி. ஓணத்துக்கு மூணு பேரு வருவாங்க. நோம்புக் கஞ்சிக்கு மூணு பேரு வருவாங்க. கிறிஸ்துமஸுக்கு உன்ற ஊட்டு வாசல்ல மூணு கேக்கு. இத்தனை நாளு ஒரு ஆளுக்குத்தான் சக்கரை போடாம டீ குடுத்தோம். இனி மூணு பேருக்குப் போடாம இருந்தா எம்பட சக்கரைச் செலவு எவ்வளவு மிச்சமாகுது பாரு."

கடையில் ஒருத்தர் சிரித்தார், அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். மூணு மெம்பர் வைத்திருக்கிற தெரு பாலக்காட்டு ஜில்லாவிலேயே கிடையாது என்று ஒருவர் சொன்னார். டெல்லியிலேயே கிடையாது என்றார் இன்னொருவர். சூசையப்பனுக்கும் கடைசியில் சிரிப்பு வந்துவிட்டது. காகிதம் மேசைமேலே கிடந்தது. வடையை எடுத்தவர்கள் எண்ணெயை அதில் ஒற்றினார்கள். ஆட்சேபம் கொடுக்க வைத்திருந்த கடைசித் தேதி வந்தபோது அந்தக் காகிதத்தில் வடைபொரிக்கிற அளவுக்கு எண்ணெய் ஊறியிருந்தது.

ஐசும்மா மட்டும் சிரிக்கவில்லை. அடுப்புப் பக்கத்திலிருந்தே கேட்டார்.

"ஏனுங்க, ஒரு மாட்டை மூணு பேருக்குப் பங்கு வெச்சா, யாருங்க பால் கறப்பாங்க?"

"மாடு செத்தாத்தான் பங்கு வெப்பாங்க ஐசு. நம்ம மாடு கொம்போட நிக்குது" என்றார் பாய்.

தேர்தல் நடந்தது. அதற்கு முன்னாலேயே பாய்க்கு ஒரு விஷயம் உறுத்தியது. மற்ற தேர்தலில் வேட்பாளர்கள் அந்தத் தெருவுக்கு வந்து வந்து தார் ரோடு தேய்ந்துபோகும். பாயின் கடை பெஞ்சு உட்கார்ந்து உட்கார்ந்து நடு வளைந்ததே தேர்தல் காலத்தில்தான். இந்தத் தடவை பெரியசள்ளை வார்டு வேட்பாளர் ராஜசேகர் ஒரே ஒரு நாள் திறந்த ஜீப்பில் வந்தார். இறங்கவில்லை. கையை ஆட்டினார். தெரு முடிவதற்குள் ஜீப் திரும்பிவிட்டது, ஏனென்றால் பாதித் தெருவிலேயே அவருடைய வார்டு முடிந்துவிட்டது. மற்ற இரண்டு வார்டு வேட்பாளர்களில் ஒருவரும் அப்படியே. இன்னொருவர் வரவே இல்லை, நோட்டீஸ் மட்டும் வந்தது.

ஓட்டுப் போடுவதற்கு முன்னால், வழக்கம்போலக் கடையில் பேசி முடிவெடுக்க உட்கார்ந்தார்கள். பேச ஒன்றும் இருக்கவில்லை. பாயின் வார்டில் நிற்கிறவர்களுக்குச் சூசையப்பன் ஓட்டுப் போட முடியாது, சூசையப்பன் வார்டில் நிற்கிறவர்களைக் கவுண்டர் வீட்டுக்காரர்கள் பார்த்ததே இல்லை. மூன்று பெஞ்சிலும் மூன்று தேர்தல் நடந்தது. பெரியசள்ளை எப்போதும் ஒரு கட்சிதான். கோயில்மேடும் பாறைக்களமும் மறு கட்சி. அங்கங்கே விழவேண்டிய ஓட்டு அங்கங்கே மலைபோல விழுந்தது. மூன்று மலைகளின் அடிவாரத்திலும் ஒத்தப்பனைக்களத்து ஓட்டுகள் மூன்று கைப்பிடி மண்ணாகக் கிடந்தன. தெரு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று யாரும் கேட்கவில்லை.

வெயில் ஏறியது. தெருவின் போர்வெல் முதலில் மண்ணைக் கக்கியது, பிறகு காற்றைக் கக்கியது, பிறகு ஒன்றையும் கக்கவில்லை. பஞ்சாயத்து லாரித் தண்ணீர் ஏற்பாடு செய்தது. வார்டுக்கு ஒரு லாரி. பாய் சொன்னது பலித்துவிட்டது, தெருவுக்கு மூன்று லாரி. ஆனால் ஒவ்வொரு லாரியும் வார்டின் தலையில் புறப்படும். பெரியசள்ளை லாரி பெரியசள்ளையில் நின்று, தென்னந்தோப்புக் குடியிருப்பில் நின்று, பால் சொசைட்டியில் நின்று, வார்டின் வாலுக்கு வரும்போது டிரைவர் பைப்பைத் திறந்து காட்டுவார். உள்ளே இருந்து ஒரு கொட்டாவி வரும். கோயில்மேட்டு லாரியும் அதேதான். பாறைக்களத்து லாரி மட்டும் நேர்மையானது, அது வருவதே இல்லை. மூன்று வார்டுக்கும் இந்த ஒரு தெருதான் வால்.

டீக்கடைக்குத் தண்ணீர் இல்லாமல் என்ன செய்வது? பாய் மொபெட்டில் கேன்களைக் கட்டிக்கொண்டு எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு தோட்டக் கிணற்றில் கேட்டு வாங்கி வந்தார். கொஞ்ச நாளில் அந்தக் கிணறும் இறங்கிவிட்டது. தோட்டக்காரர் சங்கடப்பட்டுக்கொண்டே, "தப்பா நெனைக்காதீங் பாய், மாட்டுக்கே பத்தலைங்க" என்றார். நாள் முழுக்கத் திறந்திருந்த கடை காலையில் மட்டும் என்றானது. இன்னும் கொஞ்ச நாள் போனால் காலையிலும் இருக்காது. வாளையாரில் ஒருமுறை கேனைக் கவிழ்த்தவருக்கு இனி இன்னொரு கடை தொடங்கத் தெம்பில்லை. அது அவருக்கும் தெரியும், ஐசும்மாவுக்கும் தெரியும். 

ஆனாலும் பாய்க்கு ஒரு நம்பிக்கை இருந்தது. மெம்பர் ஒரு தடவை கடைக்கு வரட்டும்.

வந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில், பின்னால் நான்கு பேருடன், ஏதோ ரோடு அளக்கிற வேலையாக வந்த புது மெம்பர் ராஜசேகர் கடையில் உட்கார்ந்தார். செய்தி தெரு முழுக்கப் பறந்தது. சூசையப்பன் வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். ஆள்கள் ஒவ்வொருத்தராக வந்து நின்றார்கள். பாய் மீதமிருந்த தண்ணீரில் டீ போட்டார். ஆற்றினார், மேலே தூக்கி ஆற்றினார், தகரக் கூரையைத் தொடுகிற அளவுக்கு ஆற்றினார். சக்கரை டப்பாவை மட்டும் தொடவில்லை. டம்ளரை மெம்பர் கையில் கொடுத்தார். தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டது.

ராஜசேகர் ஒரு வாய் குடித்தார்.

"ஏனுங் பாய், சக்கரையை மறந்துட்டீங்களாட்ட இருக்குது."

அப்படிச் சொல்லிவிட்டு, எழுந்து, கையை நீட்டிச் சக்கரை டப்பாவைத் தானே எடுத்து, இரண்டு கரண்டி போட்டு, கலக்கி, நிம்மதியாகக் குடித்தார். பின்னால் வந்த நான்கு பேரும் டப்பாவை வாங்கி ஆளுக்கொரு கரண்டி போட்டுக்கொண்டார்கள். 

"மெம்பரே, லாரித் தண்ணி எங்க தெருவுக்கு வரவே இல்லீங்க" என்றார் சூசையப்பன், தாங்க முடியாமல்.

"உங்க ஊடு எந்த வார்டுங்க?"

"எதிர்ல. கோயில்மேடுங்க."

"அப்ப அந்த மெம்பரைக் கேளுங்க. நானு அவரு வார்டுல தலையிட்டாத் தப்பாயிருமுங்க." ராஜசேகர் நல்ல மனுஷன்போலச் சிரித்தார். பாயைப் பார்த்தார். "நீங்க நம்ம வார்டுதானுங்களே. கிராமசபைக்கு வந்து சொல்லுங்க. முறையாப் பேசலாம்."

அவர்கள் போன பிறகு சக்கரை டப்பா திறந்தபடியே கிடந்தது. ஐசும்மா வந்து அதை மூடினார்.

கிராமசபைக்குப் பாய் போனார். வார்டில் ஓட்டுள்ள எல்லோரும் கூடி, எந்த வேலை முதலில் நடக்கவேண்டும் என்று பேசுகிற கூட்டம். முன்பெல்லாம் அது தெருவின் மதரசாக் கட்டடத்தில் நடக்கும், பாய் கடையிலிருந்து எட்டிப் பார்த்தால் போதும். இப்போது பெரியசள்ளைப் பள்ளிக்கூடத்தில். பாய் வரிசையிலிருந்து வந்தவர்கள் ஒரு ஆட்டோவில் அடங்கினார்கள். அங்கே போய்ப் பார்த்தால் கூட்டம் திருவிழாபோல இருந்தது. எல்லாம் பெரியசள்ளைக்காரர்கள். பாயின் ஆட்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அதே நேரத்தில் சூசையப்பன் கோயில்மேட்டில் ஏதோ ஒரு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

பாய்க்குப் பேச நேரம் கொடுத்தார்கள். எழுந்து நின்றார். கெஞ்சிப் பேச அவருக்கு வராது.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்க தெருக் காக்காய்க்குத் தாகமெடுத்தா பொள்ளாச்சி பஸ் புடிச்சுப் போகுதுங்க. போனவாரம் ஒரு பல்லி சுவத்துல இருந்து விழுந்து செத்துப்போச்சு, போஸ்ட்மார்ட்டம் பண்ணிப் பாத்தா உள்ள வெறும் மாவுங்க. எம்பட ஊட்டுக்காரி என்னைத் திட்டறதைக்கூட நிறுத்திட்டா. தொண்டை காஞ்சு போச்சுங்க அவளுக்கு. அதனால எனக்கு லாரி வேணாமுன்னுதான் தோணுது, தெருக்காரங்களுக்குத்தான் வேணுமாமா."

பள்ளிக்கூடத்துக் கூரை ஓடு எழும்பி விழுந்தது. அப்படி ஒரு சிரிப்பு. பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார்கள். ராஜசேகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கை தட்டினார்கள். பாய் உட்கார்ந்தார். அவருக்கு உடம்பெல்லாம் பூரித்தது. வாளையார் வரிசை ஞாபகம் வந்தது.

பிறகு எது முதலில் என்று கை தூக்கச் சொன்னார்கள். பெரியசள்ளைப் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் முதலாவது. தென்னந்தோப்புக் குடியிருப்புக்குச் சிமெண்டு ரோடு இரண்டாவது. வால் தெருவுக்குத் தனியாக லாரி என்பதற்கு ஓர் ஆட்டோ அளவுக்குத்தான் கை எழுந்தது. பாய் திரும்பிப் பார்த்தார். முன்பெஞ்சில் சிரித்துச் சிரித்துச் சோர்ந்து போயிருந்த ஒரு பெண்மணி, கையை மடியில் வைத்துக்கொண்டு இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

வெளியே வரும்போது ராஜசேகர் பாயின் தோளில் கை போட்டார்.

"பாய், அடுத்த கூட்டத்துக்கும் கட்டாயம் வரோணும். நீங்க இருந்தா ஒருத்தருக்கும் தூக்கமே வராதுங்க."

ஆட்டோவில் கூட வந்தவர்கள், பல்லிக் கதையைத் திரும்பச் சொல்லும்படி கேட்டார்கள். தலை வலிக்கிறது என்றார் பாய். மனதுக்குள் சிவசங்கரியின் முகம் வந்தது. சக்கரை கரைக்கத் தண்ணீர் இல்லை என்று சொன்ன நாளில் அந்த முகம் சிரித்தது, ஆனால் கண் சிரிக்கவில்லை. கண் பெஞ்சிலிருந்தவர்களை எண்ணிக்கொண்டிருந்தது. இன்று ராஜசேகரின் கண்ணும் சேர்ந்து சிரித்தது.

சிவசங்கரியையே அடுத்த வாரம் கோவிந்தாபுரம் சந்தையில் பார்த்தார். இப்போது மெம்பர் இல்லை, கட்சி சீட்டும் கொடுக்கவில்லை. பையில் வெண்டைக்காயோடு நின்றுகொண்டிருந்தார். பாயைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங் பாய். உங்க டீயை நெனச்சா இன்னிக்கும் நாக்கு கசக்குதுங்க."

"இப்ப கசக்கறதில்லீங். புது மெம்பரு அவரே போட்டுக்கறாரு."

பாய் நடந்ததையெல்லாம் சொன்னார். சிவசங்கரி வெண்டைக்காயை ஒடித்து ஒடித்துப் பார்த்துக்கொண்டே கேட்டார். பிறகு, யாராவது கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் பேசினார்.

"ஒளிக்கறதுக்கு என்னங் இருக்குது. எங்க கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் ஒரு நாளும் ஒத்துப்போனதில்லீங்க. ஒரே ஒரு காரியத்துல ஒத்துப்போச்சு. உங்க தெரு. எந்த அஞ்சு வருசம் எந்தப் பக்கம் சாயுமுன்னு தெரியாம ரெண்டு பேருக்கும் தூக்கமில்லீங்க. மூணாப் பிரிச்சு, அதது ஜெயிக்கற எடத்துல சேத்துட்டா யாருக்கும் பயமில்லை. அவங்களுக்கு அவங்க வார்டு உறுதி, இவங்களுக்கு இவங்க வார்டு உறுதி. ஆபீசுல கோடு போடறவங்களுக்கு எங்க ரெண்டு கட்சியும் குடுத்த யோசனை ஒண்ணா இருந்துச்சு. அப்பறம் யாருங் மறுப்பாங்க?"

"நீங்க?"

"நான் வாயைத் திறக்கலீங்க." சிவசங்கரி ஒடித்த வெண்டைக்காயைப் பையில் போட்டார். "அஞ்சு வருசமும் உங்க கடையைத் தாண்டிப் போறதுன்னா எனக்குப் பரீட்சைக்குப் போறாப்புல இருக்குமுங்க. அதில்லாம இருந்தா நல்லாத்தான் இருக்குமுன்னு நெனச்சேன். தெரு போனா நானும் போயிருவேன்னு நெனைக்கலை. உங்க தெருவுக்குப் பயந்துதான் கட்சியில எனக்குச் சீட்டுக் குடுத்திருந்தாங்க. இப்ப எதுக்குக் குடுக்கறாங்க?"

பாய் சிரிக்க நினைத்தார். வரவில்லை.

"ஆட்சேபம் குடுக்கச் சொல்லிச் சொன்னாங்களே. உங்க தெருவுல இருந்து ஒண்ணுமே வரலீங்களே பாய்? நாங்கூட ஆச்சரியப்பட்டேன்."

"காகிதத்துல எண்ணெய் பட்டுப்போச்சுங்" என்றார் பாய்.

சிவசங்கரி சொன்னதை அவர் ஐசும்மாவிடம் சொல்லவில்லை. ஆனால் சந்தையில் காதில் விழுந்ததைச் சூசையப்பன் மனைவியிடம் யாரோ சொல்ல, அவர் ஐசும்மாவிடம் சொல்ல, பாய் வீடு வருவதற்குள் செய்தி வந்து உட்கார்ந்திருந்தது. ஐசும்மா ஒன்றும் கேட்கவில்லை. ஐசும்மா திட்டினால் பாய்க்குத் தாங்கும். அவர் திட்டாமல் இருந்த நாளை எல்லாம் விரல்விட்டு எண்ணிவிடலாம், அந்த நாளிலெல்லாம் பாய் சாப்பிட்டதில்லை.

பிறகு வந்த ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மாத் தொழுகை முடிந்த நேரத்தில், ராஜசேகரின் கார் மறுபடி தெருவில் நின்றது. பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்குப் போகிற வழி. வெயிலுக்கு ஒரு டீ குடிக்கலாம் என்று இறங்கினார்.

கடை அன்று திறந்திருந்ததே அதிசயம். தண்ணீர் என்று இருந்தது, ஐசும்மா வீட்டுச் சமையலுக்கு வைத்திருந்த ஒரு குடம். பாய் உள்ளே போய் அதைத்தான் எடுத்தார். ஐசும்மா பார்த்துக்கொண்டு நின்றார், தடுக்கவில்லை.

தெரு மறுபடி கூடியது. ஆனால் இந்தத் தடவை யாரும் பெஞ்சில் உட்காரவில்லை. எல்லோரும் நின்றார்கள். சூசையப்பன் பாய்க்குப் பக்கத்தில் வந்து, பாத்திரம் எடுத்துக் கொடுக்கிறவர்போலக் குனிந்து, காதில் சொன்னார்.

"மஜீது, சக்கரையைப் போட்டுருப்பா."

பாய் அவரைப் பார்த்தார். சூசையப்பனின் உதடு வெடித்திருந்தது. அவருக்குப் பின்னால் நின்றவர்களின் முகமும் அதையே சொன்னது. கவுண்டர் வீட்டிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், கோபம் இருந்தால் கடைக்கே வராதவர், தலையை லேசாக ஆட்டினார்.

பாய் டப்பாவைத் திறந்தார். ஒரு கரண்டி போட்டார். இன்னொன்று போட்டார். கை தானாக மூன்றாவதும் போட்டது. கலக்கினார். கரண்டி டம்ளரில் மோதுகிற சத்தம் சர்ச்சு மணிபோல அவருக்குக் கேட்டது. இரண்டு கையாலும் கொடுத்தார்.

ராஜசேகர் குடித்தார்.

"இன்னிக்கு டீ பிரமாதமுங். போன தடவை என்னமோ மாதிரி இருந்துச்சு." சுற்றிப் பார்த்தார். "என்னங் பாய், சும்மாவே நிக்கறீங்க. அன்னிக்குச் சொன்னீங்களே, பல்லி, அதைச் சொல்லுங்க. இவங்க கேக்கலை" என்று கூட வந்தவர்களைக் காட்டினார்.

பாய் பல்லிக் கதையைச் சொன்னார். முழுசாகச் சொன்னார். காக்கா, பொள்ளாச்சி பஸ், ஒன்றையும் விடவில்லை. கூட வந்தவர்கள் சிரித்தார்கள். தெரு சிரிக்கவில்லை, நின்றது. சிரிப்பு அடங்கியதும் பாய், "ஒரு லோடு தண்ணி அனுப்பி உட்டீங்கன்னா பெரிய உபகாரமா இருக்குமுங்க" என்றார். தன் குரலை அவருக்கே அடையாளம் தெரியவில்லை.

"அடடா, அதுக்கென்னங். இதை முன்னமே சொல்லக்கூடாதுங்களா" என்று ராஜசேகர் போனை எடுத்தார். "வார்டு கணக்குல இல்லைன்னாலும் நம்ம பாய்க்காகச் சொல்றேன். இன்னைக்கு வந்துரும். இனிமேலைக்குச் சொல்ல முடியாதுங்க. பாக்கலாம்."

கிளம்பும்போது தெருக்காரர்கள் கும்பிட்டார்கள். இதே தெருவில் மெம்பர்கள் கும்பிட்டுத்தான் பாய் பார்த்திருக்கிறார்.

சாயங்கால அஸர் தொழுகைக்கு முன்னால் லாரி வந்தது. ஒரு கோட்டுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று யாரும் பார்க்கவில்லை, குடம் குடமாக ஓடி வந்தார்கள். சூசையப்பன் வாளியோடு வந்தார். "நல்ல மனுசன்பா அந்த மெம்பரு. கேட்டதும் அனுப்பிட்டாரு" என்று சொல்லிக்கொண்டே போனார். லாரி டிரைவர், சீக்கிரம் பிடியுங்கள், பெரியசள்ளைக்காரர்கள் பார்த்தால் சத்தம் போடுவார்கள் என்று அவசரப்படுத்தினார். கடைசி வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் பைப்பிலிருந்து கொட்டாவி வந்தது. லாரி திரும்பிப் போனது. கவுண்டர் வீட்டு வாசலில் காலிக் குடங்கள் அப்படியே நின்றன.

பாயின் கடையில் பாத்திரமெல்லாம் நிரம்பியிருந்தது. இரண்டு நாளைக்கு டீ போடலாம், கணக்காகப் பிடித்தால் மூன்று நாள். பாய் பெஞ்சில் உட்கார்ந்தார். நடுவில் வளைந்த அந்த இடத்தில்.

ஐசும்மா அடுப்பைப் பற்றவைத்தார். புதுத் தண்ணீரில் பாலை ஊற்றி, தூளைப் போட்டு, கொதிக்கவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து பாய்க்கு டீ போட்டுக் கொடுத்திருக்கிறார், சண்டையிலும் கொடுத்திருக்கிறார், பேசாத நாளிலும் கொடுத்திருக்கிறார். இன்றும் டம்ளரைக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தார். வைத்துவிட்டு உள்ளே போய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கினார்.

பாய் ஒரு வாய் குடித்தார்.

சக்கரை இல்லை.

உள்ளே பாத்திரச் சத்தம் நிற்கவில்லை. எதிர்வீட்டு வாசலிலிருந்து சூசையப்பன் பார்த்துக்கொண்டிருந்தார். சக்கரை டப்பா பாயின் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. பாய் அதை எடுக்கவில்லை. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார்.